அரண்மனை அருள்நாயகத்தின் வாய்ப்பூட்டு

மனிதர்களில் 'சொல்லக்கூடாதார்' என்றொரு இனம் உண்டு. நீங்களும் கண்டிருப்பீர்கள். நாளைக்குப் பனி கொட்டுமா என்று கேட்டால்கூட, வானத்தை ஒருதரம், உங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, "ம்... பாப்பம்" என்று உதட்டை இறுக்கிக்கொள்வார்கள். இவர்களிடம் இரகசியம் ஏதும் இருக்கிறதா? யாருக்கு வேண்டும் அது? இருக்கிறதென்று நீங்கள் நம்பினால் போதும், அவர்களுக்கு அன்றைய சோறு செமித்துவிடும்.

அஜின்கோர்ட்டில் வசிக்கும் அருள்நாயகம் இந்த இனத்தின் முடிசூடிய தலைவர். கனடாவுக்கு வருமுன் லண்டனில், ஓர் அரச குடும்பத்தின் அரண்மனையில், ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே வந்து குவியும் தாள்களை வகைபிரித்துப் பெட்டியில் போட்டு, எந்தப் பெட்டியை எவ்வளவு காலம் வைத்திருப்பது, எதை எப்போது அழிப்பது என்று சீட்டு ஒட்டுவது வேலை. உள்ளே கண்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று சேரும்போது கையெழுத்தும் வைத்தார். எல்லாரும்தான் வைக்கிறார்கள். இவரோ துறவறத்துக்கு வார்த்தைப்பாடு கொடுத்தவர்போல அதைப் பிடித்துக்கொண்டு கடல் கடந்து வந்துவிட்டார்.

பிறந்தநாள் விழாவில் யாராவது ஓர் அப்பாவி, "அண்ணை, ராசா வீட்டுக்குள்ள உண்மையா என்னதான் நடக்குது?" என்று கேட்டுவிட வேண்டும். அருள்நாயகம் கையிலிருந்த மட்டன் ரோல்சைத் தட்டில் வைப்பார். வாயைத் துடைப்பார். லண்டனிலிருந்து ஆள் வந்து ஒட்டுக்கேட்கிறதோ என்று கதவுப் பக்கம் பார்ப்பார். பிறகு, "தம்பி, அதைக் கேளாதையும். தெரியும். ஆனா சொல்லேலாது" என்பார். மேசையிலிருந்த அத்தனை பேரும் வாயைப் பிளப்பார்கள்.

வீட்டில் மட்டும் என்னவாம்? "போனில ஆர்?" என்று மனைவி மக்டலீன் கேட்டால் "ஒரு ஆள்." "என்னவாம்?" "ஒரு விசயம்." கார் திருத்தக் கொடுத்த இடம், முழங்காலைப் பார்த்த டொக்டர் சொன்னது, பக்கத்து வெக்ஸ்போர்ட்டில் நடக்கவிருந்த கலியாண வரவேற்பு தள்ளிப்போனது, அது தெரியாமல் மக்டலீன் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பூட்டிய மண்டபத்து வாசலில் குளிரில் நின்றபோதும் தனக்கு முன்பே தெரிந்திருந்தது, எல்லாமே அவருடைய வயிற்றுக்குள் பத்திரமாக இருக்கும். மக்டலீன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

அதுவும் நடாஷாவின் கலியாணப் பேச்சு வரும்வரைதான். நடாஷா, மக்டலீனின் காலமான தம்பியின் மகள். மக்டலீனின் கையால் உண்டு வளர்ந்தவள். அவளும் டோர்செட் பார்க்கில் இருக்கும் அபிஷனும் தாங்களாகவே விரும்பியவர்கள். இருந்தால் என்ன? நாலு வீட்டுக்குப் போன் எடுத்து விசாரிக்காமல் நம்மவர்கள் மண்டபம் பதிவார்களா? ஒரு சனிக்கிழமை அபிஷனின் தாய் அன்ரனெற் அருள்நாயகத்துக்கு எடுத்தாள். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். தன் வாயடக்கத்துக்கும் ஒரு சாட்சி வேண்டுமல்லவா?

"அருளண்ணை, நடாஷா உங்கட வீட்டில வளந்த பிள்ளையாம். ஆள் எப்பிடி?"

தங்கமான பிள்ளை என்று சொல்லுங்கோ என்று குசினி வாசலில் நின்று மக்டலீன் கையால் காட்டினாள்.

அருள்நாயகம் தொண்டையைச் செருமினார். "ஒருத்தரைப் பற்றின விபரத்தை நான் வெளியில குடுக்கிறேல்லை, அன்ரனெற்."

"ஐயோ, குழப்பம் ஒண்டும் இல்லைத்தானே?"

"இருக்கெண்டும் சொல்லமாட்டன். இல்லையெண்டும் சொல்லமாட்டன்."

"முந்தி எங்கையும் பேசி முறிஞ்சதோ?"

"அது மூடின கோப்பு."

அப்படி ஒரு கோப்பே கிடையாது. ஆனால் நம்மவர் காதில் 'சொல்லமாட்டேன்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? ஞாயிறு பூசை முடிவதற்குள் அந்த வெறும் கோப்புக்குள் ஒரு பழைய கலியாணமும் மொன்றியலில் ஒரு குழந்தையும் வந்து உட்கார்ந்துவிட்டன. பின்னேரம் நடாஷா அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள்.

"மாமா, வட் டிட் யூ சே? அபிஷன்ர அம்மா வெடிங்கே வேண்டாமெண்டுறா!"

"நான் ஒண்டும் சொல்லேல்லை, பிள்ளை" என்றார் அருள்நாயகம். பெருமையாகவே சொன்னார்.

மக்டலீனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவருடைய போனையே பறித்து அன்ரனெற்றுக்கு எடுத்தாள். நடாஷா படித்தது, வேலைக்குப் போனது, மாமிக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். கடைசியில், "இந்த மனிசன் சொன்னதை நம்பாதையுங்கோ. அங்க இவர் அடுக்கினது ராசாவின்ர இரகசியம் இல்லை. விருந்துக்கு வாடகைக்கு எடுத்த குடை பில்லும் கம்பளம் கழுவின பில்லும். கூட வேலை செய்த ஜூலி எனக்கு அப்பவே சொன்னவ. அதில ஒளிக்க ஒண்டுமில்லை. என்ர பிள்ளையிலயும் ஒண்டுமில்லை!" என்றாள்.

அன்ரனெற் சமாதானமானாள். ஆவணியில் கலியாணம். ஆனாலும் வெக்ஸ்போர்ட்டில் சிலர் வாயில் அந்த மொன்றியல் குழந்தை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அருள்நாயகத்துக்கு அந்தக் கவலை இல்லை. நடாஷாவின் கண்ணீர் காயும் முன்பே, "குடை விசயத்தை வெளியில விட்டிட்டீரே, மக்டலீன்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தவர் அவர்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். அண்மையில் யாரோ போன் எடுத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றி விசாரித்தார்கள். நல்லதாகச் சொல்ல உங்களிடம் எவ்வளவோ இருந்தது. நீங்களோ "எங்களுக்கேன் உந்த வில்லங்கம்" என்று இழுத்தீர்கள். மறுமுனையில் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததைக் கொஞ்சம் ரசிக்கவும் செய்தீர்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த இடம் சரிவரவில்லை. ஏனென்று அவளுக்கு இன்னும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.