நீலத்தாடியும் தம்மாம் பெட்டியும்

பெட்டி நகராது. பீர் மைதீன் முடிவு செய்துவிட்டார். இருபத்தெட்டு வருஷம் சவுதியில், தம்மாமில் முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். லீவில் வந்த நாட்களில் மனைவி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். ஒரு மனுஷனுடைய கழுத்து எவ்வளவுதான் தாங்கும்?

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பெட்டிய எடுத்துரணும்," என்றாள் அவர் மனைவி சித்தி ஜனாபா, வெங்காயம் உரித்தபடி.

"எங்க எடுக்க?"

"காயலான் கடைக்கு."

பழைய சாமான் கடைக்குத் தமிழ்நாடு முழுக்க அதுதான் பேர். அந்தப் பேரே எங்கள் ஊரிலிருந்து கிளம்பியதுதான் என்று காயல்பட்டினத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பீர் மைதீனும் தம்மாமில் பலரிடம் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அந்தப் பெருமை கசந்தது. 'என் உயிர் இருக்குதவரைக்கும் நடக்காது' என்று மனசுக்குள் கர்ஜித்துவிட்டு, "பாப்போம்" என்று வாயால் சொன்னார்.

அது சாதாரணப் பெட்டி இல்லை. ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவான பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, பாபநாசத்துக்காரன் பிச்சைக்கண்ணு பிளைவுட் பலகையை அறுத்து அறையிலேயே அடித்துக் கொடுத்தது. அறையில் ஆறு பேர். ஒருத்தன் ஆணியை எடுத்துக் கொடுத்தான், ஒருத்தன் பலகையைப் பிடித்தான், அலி அஸ்கர் மட்டும் எதுவும் செய்யாமல் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் மூடியின் உள்பக்கம் ஆறு பேரும் பேர் எழுதினார்கள். அலி அஸ்கர் தன் பேரை எழுதும்போது அழுதுவிட்டான். மார்க்கர் மை கண்ணில் பட்டுவிட்டது என்று அதற்கும் பிச்சைக்கண்ணுவைத்தான் திட்டினான்.

பெட்டி கப்பலில் வந்து சேர்ந்து மூன்று மாசமாகியும் பீர் மைதீன் அதைப் பிரிக்கவில்லை. உள்ளே ஒரு கம்பளி, கெட்டில், டிரான்சிஸ்டர், தலையணை. எடுத்துப் பங்கு போட்டால் அரை மணி நேர வேலை. ஆனால் பிரித்துவிட்டால் தம்மாம் முடிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். அங்கே இருந்தபோது ஊரை நினைத்து ஏங்கினார். இங்கே வந்த பிறகு அந்த அறையை நினைத்து ஏங்குகிறார். மனுஷனுக்கு இருக்கிற இடத்தில் இருக்கத் தெரிவதில்லை.

ஆகவே தினமும் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் புறவாசலில், முருங்கை நிழலில் கிடக்கும் பெட்டிமேல் உட்கார்ந்து, பால் கலக்காத சுலைமானி டீயை உறிஞ்சியபடி சாயங்கால அசர் பாங்கு வரை ஏங்குவார்.

"முன்னால நாற்காலியில உக்காந்து குடிங்களேன் மச்சான்."

"இங்கன காத்து வருது."

"மஹ்மூதா பீவி இந்த வாசல மிதிச்சு மூணு மாசமாச்சு."

"ஏன், கால்வலியா?"

"நீங்க உக்காந்திருக்கீங்கள்லா!"

"நான் என்ன கடிக்கவா செய்யுதேன்? முன்வாசல் வழியா வரச்சொல்லு."

அந்த ஊரில் தெரு ஆண்களுக்கு, முடுக்கு பெண்களுக்கு. வீடுகளின் பின்பக்கம் ஒடுங்கி ஓடும் அந்தச் சந்து வழியாகத்தான் பெண்கள் புறவாசலுக்குப் புறவாசல் போய்வருவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அசருக்கும் நடுவே ஜனாபாவின் புறவாசலில் ஏழு பேர் கூடுவார்கள். பேச்சு, சிரிப்பு, வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை என்ற வழக்கு எல்லாம் அங்கேதான். கணவன் சபர் என்று வெளிநாடு போன இருபத்தெட்டு வருஷத்தையும் அவள் அந்தச் சிரிப்பை வைத்துத்தான் தள்ளினாள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பீர் மைதீனுக்கு முடுக்கு தெரியும். அதற்கு ஒரு நேரம் உண்டு என்பது தெரியாது. அந்த நேரத்தில் அவர் எப்போதும் தம்மாமில்தான் இருந்தார்.

இந்த நிலவரத்தில்தான், சித்திரை மாதம், வியாழக்கிழமை, பெட்டிக்குப் பக்கத்து மணலில் அந்தப் பிராணி வந்து நின்றது.

ஒரு சாண்கூட இல்லை. மணல் நிறம். முதுகில் கட்டம் கட்டமாகக் கோலம். பீர் மைதீனுக்குத் தெரிந்தது இரண்டுதான்: சுவரில் இருந்தால் பல்லி, வேலியில் இருந்தால் ஓணான். இது தரையில் நின்றது. நின்றதோடு விடாமல், முன்காலை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி, தாடைக்குக் கீழே ஒரு விசிறியை விரித்தது. நல்ல நீலம், நடுவில் கறுப்பு, ஓரத்தில் செங்கல் சிவப்பு. விரித்தது, மடக்கியது, மறுபடி விரித்தது.

அவருக்கு டீ புரையேறியது. இப்படி ஒன்றை இந்த வீட்டில் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பார்? கம்பெனி அவருக்கு லீவு கொடுத்ததெல்லாம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். இருபத்தெட்டு சித்திரையில் ஒரு சித்திரையைக்கூட அவர் வீட்டில் கழித்ததில்லை. அது அவருக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை. தோன்றியது வேறு: பெட்டிக்குள் ஒளிந்து, கப்பலேறி, தன்னைத் தேடி தம்மாமிலிருந்து ஒரு ஜீவன் வந்திருக்கிறது.

"நீயும் ஊருக்கே வந்துட்டியாலே?" என்றார். அது தாடியை விரித்துக் காட்டியது.

உடனே போட்டோ எடுத்து, திருச்செந்தூரில் இருக்கும் குமரகுருபரனுக்கு அனுப்பினார். மகளுக்குக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். 'ஸார், அரபு நாட்டுப் பல்லி ஒன்று பெட்டியில் வந்துவிட்டது, இன்னதென்று கண்டுபிடித்துச் சொல்லவும்.' பத்தே நிமிஷத்தில் குரல் செய்தி வந்தது.

"அண்ணாச்சி, இது நம்ம ஊருதுல்லா! விசிறி ஓணான். தேரிக்காட்டுப் பக்கம் வாங்க, காலடிக்கு ஒண்ணு கெடக்கும். வெயில் காலத்துல ஆண் ஓணான் பொட்டைய மயக்க இப்படித் தாடிய விரிச்சுக் காட்டும். சின்னப்புள்ளையில நீங்க பாக்காமலா இருந்திருப்பீய?"

பார்த்திருக்கத்தான் வேண்டும். பீர் மைதீன் யோசித்துப் பார்த்தார். தம்மாம் அறையின் ஜன்னல் கம்பி எத்தனை என்று இப்போது கேட்டாலும் சொல்வார். சின்ன வயசுச் சித்திரை ஒன்றுகூட நினைவில் ஏறவில்லை. பிறகு, நாளை வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. குரல் செய்தியை அழித்தார்.

"ஏளா ஜனாபா! இங்கன வா!"

அவள் வந்தாள். குனிந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இது தம்மாம்லேந்து பெட்டியில வந்திருக்கு," என்றார் பீர் மைதீன். "ஸார்கிட்ட கேட்டுட்டேன். ரொம்ப அபூர்வமாம். பெட்டியவிட்டுப் பிரிச்சா செத்துருமாம். காயலான் கடைக்குப் போட்டா பாவம் நம்ம தலையிலதான்."

"அல்லாஹ்வே! அப்ப இது அமானிதம்லா, நம்மள நம்பி வந்த பொருள்லா!"

"அதத்தான் சொல்லுதேன்."

ஜெயித்தாயிற்று. முப்பது வருஷக் குடித்தனத்தில் முதல் வெற்றி. அவர் இன்னொரு டீ போட்டு எடுத்துவந்தார். ஜனாபா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓணானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், அங்க வெயில் எப்படி இருக்கும்?"

இது அவருக்கு மிகவும் பிடித்த கேள்வி. "வெயிலா? அம்பது டிகிரி! செருப்பு ரோட்டுல ஒட்டிக்கிடும்."

"நெழல் உண்டா?"

"பாலைவனத்துல ஏதுளா நெழலு? கண்ணுக்கு எட்டுன தூரம் ஒரு செடி கெடையாது."

"ஈரம்?"

"மருந்துக்குக் கெடையாது!"

"பாவம்," என்றாள் ஜனாபா. "அப்படி வளந்த பிராணி, இந்த முருங்க நெழல்ல, குழாயடி ஈரத்துல எத்தன நாள் பொழச்சிக் கெடக்கும்?"

பீர் மைதீனின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"மொட்டமாடியில வச்சாத்தான் அதுக்கு அந்த வெயில் கெடைக்கும். பெட்டியோடதான் வைக்கணும், நீங்க சொன்ன மாதிரி. சுடலைமணி தேங்கா பறிக்க வந்து வாசல்ல நிக்கான், அவன் தம்பியும் இருக்கான். பைய தூக்கிருவாங்க."

"இல்லளா, அது வந்து..."

"என்ன? ஸார் வேற ஏதும் சொன்னாஹளா?"

ஸார் சொன்னதைச் சொன்னால் பெட்டி காயலான் கடைக்கு. சொல்லாவிட்டால் மொட்டை மாடிக்கு. பீர் மைதீன் தலையாட்டினார். கழுத்துக்குப் பழகின வேலை.

பெட்டியைத் தூக்கியதும் ஓணான் கண்ணில் படவில்லை; உள்ளேதான் ஒளிந்திருக்கும் என்றாள் ஜனாபா. பெட்டி ஏறியது. பின்னாலேயே அவரும் ஏறினார். "காக்கா கொத்திரப்போவுது, அசர் வரைக்கும் பக்கத்துலயே இருங்க," என்று ஜனாபா குடையும் டீயும் கொடுத்தனுப்பினாள்.

முதல் நாள் குடை காற்றில் பறந்தது. இரண்டாம் நாள் மூக்கின் தோல் உரிந்தது. மூன்றாம் நாள் ஒரு விநோதம் நடந்தது. சுட்ட பலகையிலிருந்து பிளைவுட் வாசம் கிளம்பி, அதோடு கம்பளி வாசமும் கலந்து, கண்ணை மூடினால் அப்படியே அந்த அறை. அலி அஸ்கர் யாரையோ திட்டுகிறான். பிச்சைக்கண்ணு மீன் குழம்புக்குப் புளி கரைக்கிறான். பீர் மைதீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கீழே முருங்கை நிழலில் ஒரு நாள்கூட இவ்வளவு கிட்டத்தில் அவர்கள் வந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து ஏழு பெண்களின் சிரிப்பு எழுந்தது. அதில் மஹ்மூதா பீவியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. ஜனாபா இப்படிச் சிரிப்பாள் என்று அவருக்கு இதுவரை தெரியாது. இருபத்தெட்டு வருஷம் போனில் கேட்ட குரல், இந்தச் சிரிப்பை ஒரு தடவைகூட அவரிடம் காட்டியதில்லை. மூன்று மாசமாக இதன்மேலா பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

அசர் முடிந்து, பெண்களெல்லாம் போன பிறகு கீழே இறங்கினார். மணலில் நீலத்தாடி விரித்துக்கொண்டு அந்த ஓணான் ஜம்மென்று நின்றது. ஜனாபா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, ஒரு விஷயம்," என்றார். "அது அரபு நாட்டுது இல்ல. நம்ம ஊருதுதான். ஸார் அன்னைக்கே சொல்லிட்டாரு. நான்தான் மறைச்சிட்டேன்."

"எனக்குத் தெரியாதா? நான் பொறந்த வீடுல்லா இது, நீங்கதான மாப்பிள்ளையா வந்தீங்க. சித்திரை பொறந்தா வந்துரும்."

"தெரிஞ்சுமா மாடிக்கு ஏத்துன?"

ஜனாபா கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "வெளிநாட்டுலேந்து புதுசா வந்து, புறவாசலப் புடிச்சு உக்காந்துக்கிட்டு, இருக்கறவங்கள அண்டவிடாம செய்யுதது எதுன்னு நான் மொதல்லயே கண்டுபுடிச்சிட்டேன் மச்சான். அதத்தான் ஏத்துனேன்."