மலை டப்பாவும் பதிமூணு குளிகையும்

இந்த வருச ஏலக்காய் எடுப்புக்குத் தன்னந்தனியாக மலையேறிவிடுவது என்று வீரணன் தீர்மானம் போட்டார். தீர்மானம் போடுவது பெரிய காரியமில்லை. அதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும், அங்கேதான் எல்லாத் தீர்மானமும் படுத்துவிடும். வீரணன் கெட்டிக்காரர். சொல்லவே இல்லை.

குரங்கணிக்கு மேலே, ஜீப்பும் ஏறாத சரிவில், அவருக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். நடுவில் ஒரு குடிசை. காய் எடுக்க வரும் ஆட்கள் பொழுது சாயும் முன்னே இறங்கிவிடுவார்கள். அப்புறம் வீரணனும் மேகமும்தான். மேகம் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வரலாமா என்று தயங்கி நிற்கும். "வா, வா" என்பார். கட்டங்காப்பியை உறிஞ்சிக்கொண்டு ஏலச்செடி சொட்டுச்சொட்டாக நனைவதைக் கேட்டுக் கிடப்பார். அரிசி தீர்ந்துபோச்சு என்று ஒரு குரல் வராது. ஒரு மாசம்! கீழே போடி ஊர் வெயிலில் உட்கார்ந்து இதை நினைத்தாலே அவருக்கு உடம்பு குளிர்ந்தது.

இடைஞ்சல் ஒன்றுதான். வயிறு.

போன மழைக்கு அவருக்குச் சீதபேதி கண்டது. பஜாரில் டாக்டர் சத்தியநேசன் ஏழு நாளைக்கு வெள்ளை மாத்திரை கொடுத்தார். இரண்டாம் நாளே வயிறு நின்றது. மிச்சத்தை வீரணன் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். மலையில் டாக்டரா இருக்கிறார்? அங்கே ஆகும். அந்த டப்பாவுக்கு 'மலை டப்பா' என்று பேர் வைத்து, தீப்பெட்டி, ஊசிநூல், காப்பித்தூள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். தையில் மறுபடி பேதி. டப்பா மாத்திரையை எடுத்தார். இந்தத் தடவை நிற்க நாலு நாள் ஆனது. நின்றதும் மறுபடி டப்பாவை மூடினார். இப்போது ஆவணி. மூன்றாம் தடவை. டப்பாவில் இருந்த வெள்ளை மாத்திரை அத்தனையும் தின்று தீர்த்தாகிவிட்டது. வயிறு ஏறிட்டும் பார்க்கவில்லை.

கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, எழுந்தால் சுவரைப் பிடிக்க வேண்டிய நிலைமை. பெண்டாட்டி சுருளியம்மாள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். திங்கட்கிழமை காலை அவரை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனாள்.

"வெள்ளை மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"கொணமாகுற வரைக்கும் டாக்டர்."

"எத்தனை நாள்னு கேட்டேன்."

சுருளியம்மாள் முந்திக்கொண்டாள். "ரெண்டு நாளு டாக்டரய்யா. மிச்சத்த வெதநெல்லு மாதிரி பொத்திப் பொத்தி வச்சாரு."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தோட்டத்துல களை வெட்டுறீங்க. பாதியில விட்டா என்ன ஆகும்?"

"மிச்சம் நிக்கிறது வெத போட்ரும்."

"நிக்கிறது எது? உங்க அருவாளுக்குத் தப்பிச்ச களை. அது பெத்துப் போடுறது பூராம் அருவாளுக்குத் தப்பிக்கிற சாதி. ரெண்டு தடவையும் லேசான கிருமியக் கொன்னுட்டு, கெட்டிக்காரக் கிருமியா பொறுக்கி எடுத்து வளத்து வச்சிருக்கீங்க. வெள்ளை மாத்திரையெல்லாம் இனி அதுக்கு வெத்தலை பாக்கு." இருபது மஞ்சள் குளிகைகளை ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார். "மதுரையில இருந்து வந்த புதுச் சரக்கு. ஒரு நாளைக்கு நாலு. ஒரு நேரத்துக்கு ஒண்ணு, ரெண்டாச் சேத்து முழுங்கப்படாது. வயிறு நின்னாலும் இருபதும் உள்ள போகணும். இதையும் பாதியில விட்டீங்கன்னா, அடுத்த தடவைக்குக் கொடுக்க எங்கிட்ட வேற மருந்து இல்ல, வீரணன்."

மதியம் முதல் குளிகை இறங்கியது. அன்றைக்கு மூன்று. மறுநாள் நாலு.

செவ்வாய் மத்தியானம் நார்க்கட்டிலில் கண் செருகியது. பார்த்தால் மலை. மேகம். குடிசைக்கு முன்னால் கிருமிகள் கம்பளி போர்த்திக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து தீக்காய்கின்றன. "வெள்ளை மாத்திரை அண்ணே வந்தாரே, சுகமா?" என்று ஒன்று கேட்க, "நம்ம ஆளுதான்ப்பா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருவாரு" என்று இன்னொன்று சொல்கிறது. திடீரென்று மேகம் மஞ்சளாகிறது. "ஐயய்யோ, இது யாருடா புதுசா?" என்று கம்பளியைப் போட்டது போட்டபடி கூட்டம் சிதறுகிறது. இரண்டே இரண்டு மட்டும் ஒரு ஏலச்செடிக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு பதுங்கின. வீரணனுக்கு மனசு கேட்கவில்லை. தன் தோட்டத்துக்கு வந்தவர்கள் அல்லவா! "பயப்படாதீக. நாளைக்கே நிறுத்திருவேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

கொடுத்த வாக்கை அவர் மீறுகிற ஆள் இல்லை. புதன் காலையில் வயிறு கம்மென்று இருந்தது. பசித்தது. ஆட்டுக்கறி வாசனை எங்கிருந்தோ வருவதுபோல இருந்தது. மிச்சம் பதிமூணு குளிகையையும் மலை டப்பாவில் போட்டு, ஏலக்காய்ச் சாக்குக்குப் பின்னால் செருகினார். சுருளியம்மாள் கத்தினால் சொல்ல நாலு பதில் தயார் பண்ணி வைத்துக்கொண்டார்.

கஞ்சியோடு வந்தாள். "காலைக் குளிகை போட்டீகளா?"

"எதுக்கு? வயிறு கல்லுக்கணக்கா இருக்கு. நிறுத்திட்டேன்."

சுருளியம்மாள் அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. புருசன் தேறிவிட்ட சந்தோசம் என்று வீரணன் எடுத்துக்கொண்டார். முந்தானையால் துடைத்துக்கொண்டு, சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அதுவும் சரிதான்."

வீரணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருசத்தில் அவர் சொன்ன எதற்கும் அந்த வீட்டில் இந்த வார்த்தை வந்ததில்லை. தயார் பண்ணின நாலு பதிலும் வீணாய்ப் போயின.

"மிச்சம் எத்தன இருக்கு?" என்றாள்.

"பதிமூணு. ஏன்?"

"நல்லதாப் போச்சு. சனிக்கெழம காலை பஸ்சுல சிலமலையிலிருந்து அழகுமலை வர்றான். அவனுக்கும் வயித்துக்கடுப்பாம். பதிமூணையும் அவன்கிட்டக் குடுத்து விட்ருவோம்."

"யாருகிட்ட?"

"எந் தம்பிகிட்ட."

அழகுமலை! போன தீபாவளிக்கு வந்தான், மூங்கில் பிடி போட்ட புதுக்குடை போச்சு. பொங்கலுக்கு வந்தான், டார்ச்சு லைட்டு போச்சு. "ரெண்டு நாள்ல கொண்டாறேன் மாமா" என்று சொல்லித்தான் எடுப்பான். எந்த இரண்டு நாள் என்று இதுவரைக்கும் சொன்னதில்லை.

"எங் குளிகைய அவனுக்கா?"

"உங்களுக்குத்தான் கொணமாயிருச்சே."

"யாரு சொன்னா? லேசாப் பெரட்டுது."

"எங்கன?"

"இங்கன... இல்ல, அந்தப் பக்கம்."

"பாவங்க, சின்னப்பய."

"முப்பத்திரண்டு வயசு!"

"நாலஞ்சாவது மிச்சம் வைங்க. ஆசையா வர்றான்."

"ஒண்ணுகூட மிஞ்சாது!" என்று சாக்குப் பக்கம் பாய்ந்தார். குளிகைகளைக் குப்பிக்கு மாற்றி, அங்கேயே நின்று பதிமூணையும் வாயில் கொட்டிக்கொள்ளப் பார்த்தார். சுருளியம்மாள் கையைப் பிடித்தாள்.

"டாக்டரய்யா என்ன சொன்னாரு? ஒரு நேரத்துக்கு ஒண்ணு."

வீரணன் விரலை மடக்கிப் பார்த்தார். இன்று நாலு. வியாழன் நாலு. வெள்ளி நாலு. சனி காலை ஒன்று. பஸ்சு வருவதற்குள் சரியாக முடிந்துவிடும். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாம் தலைகீழ். வேளை தவறாமல் குளிகை விழுங்கினார். குப்பியை மடியில் கட்டிக்கொண்டே திரிந்தார். குளிக்கப் போனாலும் கூடவே கொண்டுபோனார். சுருளியம்மாள் கெஞ்சினாள்.

"மத்தியானத்த மட்டும் விட்ருங்களேன். அவனுக்கு ஒண்ணாவது ஆகும்."

"கொண்டா தண்ணிய, வெரசா!" என்று வாங்கி மடக்கென்று விழுங்கி, 'ஆ' என்று வாயைத் திறந்து காட்டினார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். ஆளைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

வெள்ளி மத்தியானம் மறுபடி கனவு. தீ அணைந்து கிடந்தது. கம்பளிகள் மட்டும் கிடந்தன. செடிக்குப் பின்னாலிருந்து கடைசிக் கிருமி மூட்டை முடிச்சோடு வெளியே வந்தது. முகத்தைப் பார்த்தால் அழகுமலை ஜாடை. "வாக்குக் குடுத்தீகளே அண்ணே" என்று தழுதழுத்தது. "போய் வா" என்றார் வீரணன். குடையை விரித்துக்கொண்டு அது மேகத்துக்குள் இறங்கி மறைந்தது. அப்புறம் மலையில் ஒரு ஈ காக்கை இல்லை. ஏலச்செடி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. வீரணன் தூக்கத்திலேயே சிரித்தார்.

சனிக்கிழமை காலை. தெருமுனையில் பஸ்சு ஹாரன் கேட்ட நிமிசம் கடைசிக் குளிகை தொண்டையைத் தாண்டியது. காலிக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். உடம்பில் பழைய தெம்பு முழுசாக இருந்தது.

"வா மாப்ளே, வா! ஒண்ணுகூட இல்ல!"

அழகுமலை கமகமவென்று பவுடர் பூசி, பெரிய மூட்டையோடு வந்து நின்றான். "என்ன மாமா இல்ல?"

"குளிகை! உன் வயித்துக்கடுப்புக்கு!"

"எனக்கா? காலையிலதான் பன்னெண்டு இட்லி தின்னேன். அக்கா திங்கக்கெழமையே ஆள்கிட்டச் சொல்லி விட்டுச்சு. 'சனிக்கெழமைக்குள்ள மாமாவுக்கு முழுசாத் தேறிரும், மலையில தனியா விடப்படாது, ஒரு மாசத்துக்குத் துணிமணியோட வா'ன்னு."

வீரணன் மெதுவாகத் திரும்பினார். சுருளியம்மாள் கதவோரம் நின்றாள். அவர் கையிலிருந்த காலிக் குப்பியை வாங்கி, ஒரு தடவை குலுக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மலைக்குப் போறேன்னு உங்கிட்ட நான் சொல்லவே இல்லையே?"

"நீங்க சொல்லாட்டி என்ன? டப்பா சொல்லுச்சு."

அழகுமலை மூட்டையை இறக்கி, உள்ளேயிருந்து மூங்கில் பிடி போட்ட குடையை உருவினான்.

"மேல ஒரே மழையா இருக்குமாமே. நான் என் குடையக் கொண்டாந்துட்டேன். உங்களுக்கு இருக்கா மாமா?"