சூளை மேடம் சொன்ன ஒரே பொய்

உலகத்தில் இதுவரை உடைந்த பாத்திரங்கள் அத்தனைக்கும் பெற்றோர்தான் காரணம் என்று நம்புகிறவர் சூளை மேடம். கருவடிக்குப்பத்தில் தகரக் கொட்டகை போட்டு மின்சூளை வைத்திருக்கிறார். நிஜப் பெயரைக் கேட்கும் துணிச்சல் எங்களில் யாருக்கும் வந்ததில்லை.

போன வருஷம் மகள் யாழினியின் பள்ளியில் ஓர் ஏற்பாடு. பிள்ளைகள் பீங்கான் கிண்ணம் செய்வார்கள். வாங்குகிறவர்களுக்கு அதிலேயே கஞ்சி. வரும் தொகையில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்குச் சாப்பாடு. மேடம் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். எங்களை இலவசமாகவே திட்டவும் செய்தார்.

“இன்னா சார், எட்டி எட்டிப் பாக்கறீங்க? கிண்ணம் ஓடிடுமா?”

“இல்ல மேடம், பாப்பாவுக்குக் கை நடுங்குது...”

“நீங்க பாக்கறதாலதான் நடுங்குது. வெளிய போங்க!”

சூளையில் வைக்கும் முன் ஒவ்வொரு கிண்ணத்தையும் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். ஜில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். ஈரத்தோடு சுட்டால் வெடித்துவிடும். அன்று எல்லாவற்றையும் ஒற்றி முடித்து, ஒரு கன்னம் மட்டும் மண் ஒட்டி வெளுத்துப்போய், பாதி ஒப்பனையில் எழுந்து வந்த கூத்துக்காரர் மாதிரி டீ குடிக்கப் போனார்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. யாழினியின் கிண்ணம் அப்பளம் போல மெலிந்திருந்தது. உடைந்தால் குழந்தை அழுவாளே என்று அடியில் ஈரமண்ணை அப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பலப்படுத்தினேன்.

மறுநாள் சூளையைத் திறந்தால் அது சுக்குநூறு. பக்கத்திலிருந்த ஒன்பதையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

“யாருதுடா வெடிச்சது?” என்று ஒருவன் கத்தினான். யாழினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் ஒரு சில்லை எடுத்தார். பத்திரத்தில் வைத்த கைநாட்டு போல, அதில் என் கட்டைவிரல் ரேகை. அதைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். சில்லைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நான்தான் சரியா காயவெக்காம உட்டுட்டேன். அழாதீங்க, வேற செய்யலாம். சார், சும்மாதான நிக்கறீங்க? மண்ணு பெசைங்க!”

இரண்டு நாள் பிசைந்தேன். தோள்பட்டை போயே போய்விட்டது.

கஞ்சி நாளன்று பெற்றோர் சிலர் வரிசையிலேயே கூட்டம் போட்டார்கள். “அந்தம்மாவுக்குக் கவனம் பத்தல. அடுத்த வருஷம் வேற ஆளப் பாக்கலாம்.” காதில் விழுந்தும் மேடம் கஞ்சி ஊற்றிக்கொண்டே இருந்தார்.

“மண்ண அப்பினது நான்தாங்க” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். யாழினி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

“உங்கள யாரு சார் கேட்டா?” மேடம் சீறினார். “ஜனம் நிக்குது, கஞ்சி ஆறுது. நகருங்க!”

இந்த வருஷமும் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஆபீஸில் இப்போதே லீவு சொல்லிவிட்டேன். அவர் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா?