நம் கவுண்டிக்கு ஒரு பச்சை வேண்டும்

மாநில அந்துப்பூச்சி வரைபடத்தின் பொறுப்பாளரும் என் மனைவியின் தம்பியுமான கிளேட்டன் அவர்களுக்கு, அயோவாவிலிருந்து வெர்னான் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்கா லொரேனும் சௌக்கியம். மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. தங்கள் சௌக்கியத்தைப் பிறகு விசாரிக்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

காதலி என்று செல்லப்பெயர் வாங்கிய அந்த அந்துப்பூச்சி கிழக்குக் கடற்கரையிலிருந்து நம் பக்கம்வரை பரவிக் கிடக்கிறது. அது தென்பட்ட கவுண்டிக்கெல்லாம், அதாவது மாவட்டத்துக்கெல்லாம், வரைபடத்தில் பச்சை அடித்திருக்கிறீர்கள். நம்முடையதும் ஆற்றுக்கு அக்கரையில் நம் பூச்சி சங்கத் தலைவன் ஹார்லனுடையதும் மட்டும் வெள்ளை. மானம் போகுதில்ல? அதனால் வியாழக்கிழமை பொழுது சாயும்போது அழுகிய வாழைப்பழம், பழுப்புச் சர்க்கரை, பீர் மூன்றையும் குழைத்து வாசல் காட்டன்வுட் மரத்தில் பூசி, சங்கத்தையே கூப்பிட்டேன். வந்தாள் மகராசி காதலி! வந்தவள் சிறகை மூடிக்கொண்டாள். மேல்சிறகு அப்படியே மரப்பட்டை.

"எங்கேய்யா பூச்சி? மரத்தைக் காட்டுறே!" என்றான் ஹார்லன்.

"மூஞ்சிக்கு நேரா உக்காந்திருக்குய்யா!"

அந்த நேரம் பார்த்து லொரேன் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைக் கொண்டுவந்தாள். எல்லாத் தலையும் பலகாரத்துப் பக்கம் திரும்பியது, இவள் சிறகை விரித்தாள். உள்ளே ரோஜாச் சிவப்பு, குறுக்கே கறுப்புப் பட்டை. நான் கத்தினேன். அவர்கள் திரும்பும்போது ஆளைக் காணோம்.

"வெர்னான், பீரை மரத்துக்கு மட்டும்தானே ஊத்தினே?" என்றான் ஹார்லன். அத்தனை பேரும் சிரிச்சாங்க மச்சான்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன் நான். இந்தக் கண்ணை நம்பித்தான் ஊரே பிள்ளைகளை ஏத்திவிட்டது. ஒரு பூச்சிக்கு நம்பக் கூடாதா? கண்ணால் கண்டதுக்கு மேல் நீ கேக்கிற போட்டோ எதுக்கு? பச்சை அடி.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் நிறைவாய் வைக்கட்டும்.

வெர்னான்

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது ஹார்லன் போன் பண்ணினான். அன்றைக்குப் பலகாரத்தைத் தின்றுகொண்டே என் மரத்தில் சாய்ந்திருக்கிறான் கழுதை. சட்டை முதுகெல்லாம் என் வாழைப்பழக் குழம்பு. காதலி அதில் ஒட்டிக்கொண்டு, அவன் பிக்கப் வண்டியிலேயே ஆற்றைத் தாண்டி, அவன் கொட்டகையில் சிறகை விரித்திருக்கிறாள். போட்டோ உனக்கு வருகிறதாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு மச்சான். கண்ணும் சாட்சி இல்லை, போட்டோவும் சாட்சி இல்லை. பூச்சியிடம் பிறப்புச் சான்றிதழ் கேள். உன் அக்கா வேறு விழுந்து விழுந்து சிரிக்கிறாள்: "வாழைப்பழம் நம்மளுது, பீரு நம்மளுது, காதலி மட்டும் அவனோட ஓடிப்போயிட்டா!"