ஏழரையை எட்டாக்கிய மாமாவின் மனு

பிரிக்பீல்ட்ஸ்,
14.6.1998

பூச்சோங்கில் இருக்கும் அன்பு மருமகன் பாலனுக்கு, மாமா கன்னையா ஆசி கூறி எழுதுவது. உன் உடம்பும் உன் கம்ப்யூட்டரும் நோயின்றி இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிறது. உன் அத்தை பவுனம்மாள் வாயிலிருந்து பேச்சு அப்படிக்கூட வருவதில்லை. மோடத்தையும் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டாள். அதனால்தான் ஈமெயில் இல்லாமல் தபால்.

காரணம் நான்தான். நீ நடத்தும் கம்ப்யூட்டர் ஜாதக புரோகிராமை யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம், திருப்பி அனுப்பலாம் என்றாய், சரி. போன மாதம், "திருத்தம் அனுப்புறவங்க, விடை சரியா வருதான்னு பார்க்க கூடவே ஒரு டெஸ்ட்டும் எழுதி அனுப்பணும். மிஷின் தானா எல்லா டெஸ்ட்டையும் ஓட்டிப் பார்க்கும், ஒன்னு தவறினாலும் சேர்க்க மாட்டேன்" என்று எல்லாருக்கும் எழுதினாயே, அங்கேதான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முப்பத்தைந்து வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு ஒரு மிஷின் பரீட்சை வைப்பதா? "மாமா, நாளைக்கு வேற யாராச்சும் கை வெச்சா உங்க வேலை கெட்டுப்போகாம இருக்கத்தான் லா" என்று நீ போனில் கெஞ்சியதும் காதில் ஏறவில்லை. நீ நம்பிக் கொடுத்திருந்த பாஸ்வேர்டை வைத்து, டெஸ்ட் எதுவும் ஓட்டாமலே, என் திருத்தத்தை நேரே உள்ளே ஏற்றிவிட்டேன். அது என்ன திருத்தம்? அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு நம் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி கூடுதல் என்று யாரோ எழுதியிருந்தான். ஜாதகத்துக்குள்ளேயே ஏழரையா என்று எனக்குப் பகீரென்றது. மலேசியாவுக்கு எட்டுதானே என்று எட்டாக்கினேன். மறு வாரம் கிள்ளானிலிருந்து தம்புசாமி குடும்பம் என் மகள் சந்திரகலாவைப் பெண் பார்க்க வந்தது. ஜாதகத்தை நானே பெருமையோடு பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அரை மணி நகர்ந்ததில் கன்னி லக்னம் சிம்மமாகி, ஆறில் சாதுவாக இருந்த செவ்வாய் ஏழில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "செவ்வாய் தோஷம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்று தம்புசாமி கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். அவர் போனதும் உன் அத்தை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எண்பத்திரண்டாம் வருஷம் பொறந்தப்ப நாடே கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வெச்சுச்சே, அதுக்கு முன்னாடி ஏழரைதானே? ஸ்டேஷன் கடிகாரத்துக்கு ஏணி போட்டு ஏறி நீங்கதானே தள்ளி வெச்சீங்க?" அதோடு மௌன விரதம் ஆரம்பம்.

பாலா, லைன் கிளியர் வாங்காமல் ஒரு கூட்ஸ் வண்டியைக்கூட விட்டவனல்ல நான். பெற்ற மகளின் கல்யாணத்தில் கோட்டை விட்டுவிட்டேன். அவளுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. உடனே பழையபடி ஏழரையைப் போடு. என் வாழ்நாளின் முதல் டெஸ்ட்டைக் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்: சந்திரகலா பிறந்த நாள், நேரம், ஊர் கொடுத்தால் கன்னி லக்னம் வரவேண்டும், செவ்வாய் ஆறில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் மிஷின் யார் திருத்தத்தையும் உள்ளே விடக்கூடாது, முக்கியமாக என்னுடையதை. சரியான ஜாதகத்தை நீயே கிள்ளானுக்குக் கொண்டுபோய்த் தம்புசாமி கையில் கொடுத்து, தப்பு மாமாவுடையது என்று சொல்லிவிடு.

பதினாறு செல்வமும் பழுதாகாத மோடமும் உனக்குக் கிடைக்க வாழ்த்தும்,
மாமா கன்னையா

பி.கு.: தபால்தலை ஒட்டக் கொடுத்த இடத்தில் சந்திரகலா கடிதத்தைப் படித்துவிட்டாள். "ஏழரை எட்டானது எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா, நீங்க பிரிண்ட் எடுக்கிறப்பவே பார்த்தேன். அந்த மாப்பிள்ளை எனக்கு வேணாம், அதான் வாயைத் திறக்கல" என்கிறாள். சிரிக்க வேறு செய்கிறாள். ஆகவே பாலா, ஊரார் ஜாதகத்துக்கெல்லாம் ஏழரையே போடு, டெஸ்ட்டையும் சேர்த்துக்கொள். கிள்ளானுக்கு மட்டும் போகாதே. தம்புசாமி வீட்டில் எட்டாகவே இருக்கட்டும். உன் அத்தைக்குத் தெரியவேண்டாம்.