சம்பந்தி வந்த நாளில் என் சோலார்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எதையாவது விளக்கத் தொடங்கினால், பாதியிலேயே தலையை ஆட்டி, "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிடுவேன். எட்டாம் வகுப்புக்கு இருபத்திரண்டு வருடம் அறிவியல் நடத்தியதால் வந்த வினை. (மாணவர்கள் சந்தேகம் கேட்டாலும் இதையேதான் சொன்னேன் என்பாள் என் மகள். நம்பாதீர்கள்.) அந்த வியாதி முற்றிப்போய், அவள் கல்யாணத்தையே காவு வாங்கப் பார்த்தது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மாசி மாதத்தில்.

எங்கள் ஊர் சாயல்குடிக்குப் பக்கம். மழை வருகிறதோ இல்லையோ, வெயிலுக்குப் பஞ்சமில்லை. அவ்வளவு வெயிலும் மிளகாய் காய்வதற்கே போகிறதே என்று எனக்கு ஆற்றாமை. ஓய்வு பெற்ற கையோடு மொட்டை மாடியில் சோலார் போடுவதென்று கிளம்பினேன்.

"அப்ப என் மொளகாய எங்கன காயப் போடுறது? உங்க தலையிலயா?" என்றாள் என் மனைவி செல்லம்மாள்.

என் தலையில் இடம் தாராளமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று நாள் சண்டைக்குப் பிறகு ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. பேனல்களை ஆள் உயரத்துக்கு மேலே, இரும்புக் கால் நட்டு ஏற்றிப் போடவேண்டும். அதன் கீழே மிளகாய்ச் சாக்கு அடுக்கிக்கொள்வாள், மிச்ச மாடியில் காயப் போட்டுக்கொள்வாள்.

வேலையை முடித்துக் கொடுத்தது பரமக்குடியிலிருந்து வந்த ஒரு பெண் பொறியாளர். கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னது:

"சார், ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. நீங்க பேட்டரி வேண்டாம்னுட்டீங்க. அதனால லைன்ல கரண்டு இருந்தாத்தான்..."

"தெரியும்மா, தெரியும்."

"இல்ல சார், லைன்ல கரண்டு போச்சுன்னா..."

"நான் சயின்ஸ் வாத்தியாரும்மா. காபி ஆறுது, குடிங்க."

அந்தப் பெண் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டது. (பாவம், அதுவும் எத்தனை வீட்டில்தான் தொண்டைத் தண்ணியை வற்ற வைக்கும்?) நான் அன்று சாயங்காலமே எங்கள் பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் இரண்டு வீடு தள்ளியிருக்கும் மச்சினன் சண்முகத்துக்குத் தூக்கிக் கொடுத்தேன். "சூரியனையே வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு, இந்தப் பெட்டி எனக்கெதுக்கு?" என்று வசனம் வேறு. அடுத்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை கரண்ட் போனது. இரண்டும் ராத்திரி. சூரியன் இல்லை, அதனால் சோலார் இல்லை என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் மகள் தேன்மொழிக்கு இடம் அமைந்தது. கமுதிப் பக்கம், வேளாண்மைத் துறையில் வேலை பார்க்கும் பையன். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று. பையனின் அப்பா மட்டும் சகுனக்காரர். ஏற்கெனவே ஒரு பெண் வீட்டுக்குப் போகும் வழியில் பூனை குறுக்கே ஓடியதென்று காரைத் திருப்பிக்கொண்டு போனவர். அவர்கள் பூ வைக்க வருவதாகச் சொன்னதும் தேன்மொழி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அய்யா, எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு ஒருநாள் மட்டும் யாருக்கும் எதையும் செஞ்சு காட்டாதீங்க."

"சேச்சே, நான் என்னத்த செஞ்சு காட்டப்போறேன்?" என்றேன். சொல்லும்போதே மனதுக்குள் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தி இரண்டு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். அதில் புதன்கிழமை எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று தெரிந்த லைன்மேன் சொன்னார். புத்தியுள்ளவன் மற்ற நாளைத் தேர்ந்தெடுப்பான். நான் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். ஊரே விசிறிக்கொண்டு கிடக்க, என் வீட்டில் மட்டும் ஆறு காற்றாடியும் சுற்றவேண்டும். அதைச் சம்பந்தி பார்க்கவேண்டும்.

புதன்கிழமை வந்தது. சம்பந்தி வீட்டார் இருபது பேர் பத்து மணிக்கே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கரண்ட் மட்டும் போகவில்லை! பத்தரை வரை போகவில்லை. கரண்ட் போகவில்லையே என்று வாசலுக்கும் கூடத்துக்குமாகத் தவித்த ஆள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசியில் ஒருவழியாகப் போனது. காற்றாடிகள் மெதுவாகி நின்றன.

"பாருங்க சம்பந்தி, இப்ப சோலார் எடுத்துக்கிரும்," என்று மேலே கையைக் காட்டினேன்.

இருபது பேரும் அண்ணாந்து காற்றாடியைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் பார்த்தார்கள். நான் போய் சோலார் பெட்டியைத் தட்டினேன், தடவினேன், குலசாமியைக் கும்பிட்டேன். பிறகு கொல்லைப்பக்கம் ஒளிந்து நின்று பொறியாளருக்கு போன் போட்டேன்.

"அதத்தான் சார் அன்னைக்குச் சொல்ல வந்தேன். லைன்ல கரண்டு நின்னா இதுவும் தானா நின்னுரும். இல்லாட்டி கம்பத்துல வேலை பாக்குறவங்களுக்கு நம்ம கரண்டு அடிச்சிரும்ல."

"தெரியும்மா," என்று வைத்துவிட்டேன். (வியாதி என்றேனே!)

உள்ளே வந்தால், பட்டுப் புடவைகளெல்லாம் வேர்வையில் நனைந்துகொண்டிருந்தன. சண்முகம் நல்ல மனசோடு எழுந்து, எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அத்தான், நீங்க குடுத்த அந்தப் பழைய பெட்டி நம்ம வீட்டுல ஜம்முனு ஓடுது. எல்லாரும் அங்கன வந்துருங்களேன்."

சம்பந்தியின் முகம் இறுகியது. "பூ வைக்க வந்த வீட்ட விட்டு எந்திரிச்சுப் போறதா? எனக்கு ஒண்ணும் சரியாப் படல."

அடுக்களை வாசலில் தேன்மொழி நின்றாள். என்னை ஒரே ஒரு பார்வைதான் பார்த்தாள், கண் நிறைந்திருந்தது. என் பெருமைக்காகப் பிள்ளையின் வாழ்க்கையில் விளையாடிவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது எனக்கு.

செல்லம்மாள்தான் முன்னால் வந்தாள். "எல்லாரும் மாடிக்கு வாங்க. பேனலுக்குக் கீழ நல்ல நெழலு, கடல்காத்தும் வருது."

அதற்கும் நான் சும்மா இருக்கவில்லை. இடம் ஒதுக்குகிறேன் பேர்வழி என்று முன்னால் ஓடி, அங்கே அடுக்கியிருந்த மிளகாய்ச் சாக்குகளைத் தரதரவென்று இழுத்தேன். ஒன்று கிழிந்து அவ்வளவும் கொட்டியது. அவசரத்தில் ஓரமாகக் காலால் தள்ளி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினேன்.

நிழலில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். காற்று நிஜமாகவே அள்ளிக்கொண்டு போயிற்று. சம்பந்தி முகம் கொஞ்சம் தெளிந்தது. தட்டு மாற்றியாயிற்று. சம்பந்தியம்மா பூச்சரத்தைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று தார்ப்பாயைத் தூக்கியது.

மூக்கைப் பிடித்தேன். மூச்சை அடக்கினேன். முடியவில்லை. வேட்டுச் சத்தம்போல ஒரு தும்மல் போட்டேன். ஒற்றைத் தும்மல்!

சம்பந்தி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "பூவக் கையில எடுக்கையில ஒத்தத் தும்மல். இதுக்கு மேலயும் நான்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அவரே தும்மினார். அப்புறம் மாப்பிள்ளை மூன்று தும்மல். சண்முகம், செல்லம்மாள், கமுதியிலிருந்து வந்த பெரியவர்கள், அத்தனை பேரும் ஆளுக்கு ஆள் தும்மித் தள்ளினார்கள்.

கண்ணீரும் சிரிப்புமாகச் சம்பந்தியம்மா கணவரைப் பார்த்தார். "ஒருத்தர் தும்முனாத்தான் சகுனம். எல்லாரும் தும்முனா அது மொளகா. பேசாம உக்காருங்க. நீ குனி தாயி." தும்மிக்கொண்டே தேன்மொழி குனிந்தாள், தும்மிக்கொண்டே அவர் பூ வைத்தார். சம்பந்தி வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. போன வருடம் மாப்பிள்ளையும் தன் வீட்டில் சோலார் போட்டார். என்னைத் தவிர ஊரில் எல்லோரிடமும் யோசனை கேட்டார். பேத்தி பிறந்து, அவளுக்கு இப்போது ஒன்றரை வயது. மற்ற வீடுகளில் பிள்ளை தும்மினால் "நூறு" என்று வாழ்த்துவார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்தப் பழக்கம் போய்விட்டது. அவள் தும்மினால், சகுனம் பார்க்கும் அதே சம்பந்திதான் முதலில் அண்ணாந்து காற்றாடியைப் பார்த்துக் கேட்கிறார்:

"என்ன வாத்தியாரே, கரண்டு போயிருச்சா?"