ஒளியண்ணனின் தைலம்

கார் உதிரிபாகக் கடையின் முன்னே வரிசை தெருமுனை வரை வளைந்து நின்றது. வரிசையில் நின்றவை கார்கள். அவற்றின் சொந்தக்காரர்கள் கடைக்குள் முண்டியடித்தார்கள், மூளையை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு.

எல்லாரும் ஒளியண்ணனைப் பார்க்க வந்தவர்கள். போன வருடம் வரை அதே கடையில் சீட் கவர் விற்றவர். ஒருநாள் வெள்ளை உடுப்புக்கு மாறினார். உடனே ஹெட்லைட் பல்புகள் அவரிடம் பேசத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கும் பேச்சுத்துணை வேண்டுமல்லவா?

பிறந்த நேரத்தையும் வண்டி எண்ணையும் கூட்டிப் பார்த்து, எந்த பல்பு பொருந்தும் என்று சொல்லுவார். கண்பட்ட வண்டிக்கு நீலம். ஆவி குறுக்கே வரும் வண்டிக்கு மஞ்சள். இரண்டு கோளாறும் இருந்தால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். எதிரே வருகிறவன் மிரண்டுபோய் ஒதுங்குவான். அதுவும் அருள்தான்.

"பல்பை யாரும் தொடாதீங்க. பாவம் பண்ணின கை பட்டா சீக்கிரம் செத்துரும்."

விரல் பிசுக்கு பட்டால் அந்த பல்பின் கண்ணாடி சூடேறிச் சீக்கிரம் போய்விடும் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. பெட்டியைத்தான் அண்ணன் முதலில் கிழித்து எறிந்துவிடுவாரே. பல்பு எரிந்தால் அவர் மகான். செத்தால் வாங்கியவர் பாவி. நஷ்டமே வராத தொழில்.

அந்தக் கூட்டத்தில் பள்ளி வேன் ஓட்டுகிற அம்மாளும் நின்றார். அவருக்கு ஆவி, கண் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் வேனின் வெளிச்சம் மங்கிவிட்டது. விடியுமுன் பிள்ளைகளை ஏற்றப் போனபோது, சாலையில் படுத்திருந்த நாயைக் கடைசி நொடியில்தான் பார்த்தார். விஷயம் பெற்றோருக்குப் போயிற்று. திங்கட்கிழமைக்குள் ஒளியண்ணன் கையால் பல்பு மாட்டாவிட்டால் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வேன் நின்றால் வீடு நின்றுவிடும்.

சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க, பெற்றோர் சார்பில் ஒரு வங்கி மேலாளர் வந்திருந்தார். அம்மாளுக்குத் துணையாக அவருடைய நாத்தனார் வந்திருந்தாள், மூக்குக்கண்ணாடி போட்டவள்.

வேன் கடைக்குள் ஏறியது. அண்ணன் ஒரு டப்பாவைத் திறந்தார். நீல நிறத்தில் ஏதோ குழைவாக இருந்தது. ஒளித்தைலமாம். அதைத் துணியில் தொட்டு, ஹெட்லைட்டின் மங்கிப்போன மூடி மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்து மந்திரம் சொல்லி முடித்த பிறகுதான் பல்பு மாட்டுவாராம். இன்றைக்குத் துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

நாத்தனார் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டினாள். மறுபடி கழற்றிப் பார்த்தாள்.

"அண்ணி, நான் கண்ணாடி துடைச்சா தெளிவா தெரியுதே, அப்ப என் கண்ணை மாத்திட்டாங்களா?"

"என்னடி உளர்ற?"

"இவரும் துடைச்சிட்டுத்தானே பல்பை மாத்துறாரு."

வேன்கார அம்மாள் அவளையே பார்த்தார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

"ஐயா, ஒரு பக்கம் உங்க பல்பை மாட்டுங்க, தேய்க்காம. இன்னொரு பக்கம் தேய்ங்க, என் பழைய பல்பே இருக்கட்டும். ரெண்டையும் போட்டுப் பாப்போம்."

அண்ணனின் கண் படக்கென்று திறந்தது.

"தைலம் படாம பல்புக்கு உயிர் வராதும்மா."

"பழசுக்குத் தைலம் போட்டா?"

"அது... தாங்காது."

"தாங்கலைன்னா போகட்டும். என் பல்புதானே."

கூட்டத்துக்கு இது பிடித்துவிட்டது. பல்பு சாவதை யாரும் இதுவரை நேரில் பார்த்ததில்லை. அண்ணன் வேறு வழியில்லாமல் இடப்பக்கம் நீல பல்பை மாட்டினார். அதற்குள் நாத்தனார் துணியைப் பிடுங்கித் தைலத்தில் தொட்டு வலப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். மந்திரம் தெரியாததால் வாய்ப்பாடு சொன்னாள். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறியும் ஹெட்லைட் கோபித்துக்கொள்ளவில்லை. கை ஓய்ந்ததும் ஈரத்துணியால் வழித்துவிட்டாள்.

ஷட்டரை இறக்கினார்கள். கடை இருண்டது. வேன்கார அம்மாள் விளக்கைப் போட்டார்.

இடப்பக்கம், சேற்றில் நீல மை கரைத்ததுபோல் ஒரு கலங்கல். வலப்பக்கம், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த ஒளியண்ணனின் பெரிய படம் பளிச்சென்று துலங்கியது. மீசைக்கு அடித்த சாயம் வரை தெரிந்தது.

நாத்தனார் துணியை மோந்து பார்த்தாள்.

"அண்ணி, இது பல் தேய்க்கிற பேஸ்ட்."

யாரோ சிரித்தார்கள். அது பரவிற்று. ஒருவர் சிரித்துச் சிரித்து அடுத்த வண்டியின் ஹாரன் மேலேயே சாய்ந்துவிட்டார்.

"பேஸ்ட்தான்," என்றார் அண்ணன். "ஆனா மந்திரிச்ச பேஸ்ட்."

"நான் வாய்ப்பாடுதான் சொன்னேன்," என்றாள் நாத்தனார். "அதுவும் தப்பா."

ஷட்டரைத் தூக்கியபோது அண்ணனைக் காணவில்லை. தெய்வங்கள் மறைவது வழக்கம்தான். இவர் கழிவறைப் பக்கமாக மறைந்தார்.

வேன்கார அம்மாள் மேலாளரிடம் போனார்.

"திங்கட்கிழமை பிள்ளையை அனுப்புவீங்களா சார்?"

"அனுப்பறேன்மா. கண்டிப்பா அனுப்பறேன்." அவர் குரல் இறங்கியது. "என் கார்ல ரெண்டு பக்கமும் நீலம்தான் போட்டிருக்கேன்."

"மழையில ரோடு தெரியுதா?"

"தெரியாது. நம்பிக்கையில ஓட்டறேன்."

அம்மாள் மிச்சமிருந்த இடப்பக்கத்தையும் தேய்த்து, பழைய பல்பையே திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் சந்தோஷப்படுவேன். மறுநாள் காலை அந்தத் தெரு மளிகைக் கடையில் நல்ல கூட்டம். முதலில் நின்றவர் கேட்டது: "இதுல எந்தப் பேஸ்ட் ராசியானது?"

விளக்கைத் தேய்த்தாயிற்று ஐயா. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு தலை இருக்கிறதே, அதையும் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள்.